இடது பக்கம் கேட்காத குதிரைகள்

அந்த வருடத்தில் மாஸ்டர் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தது அது மூன்றாவது தடவை. வாசலில் நின்று கதவைத் தட்டும்போதுகூட மனிதருக்கு விஷயம் தெரியாது. கதவைத் திறந்த மனைவி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, இடது பாதத்தில் பார்வையை நிறுத்தினாள்.

“இன்னொண்ணு எங்கே?”

“எது?”

“காலையில ஜோடியா போட்டுக்கிட்டுப் போனீங்களே, அதுல ஒண்ணு.”

குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு ஒழுங்காக இருந்தது. இடது பாதம் வெறுமனே, புழுதி அப்பிக் கிடந்தது. “செருப்பு தைக்கிறவன் வாரை இறுக்கித் தரமாட்டேங்கிறான். எத்தனை தடவைதான் சொல்றது அவன்கிட்ட?” என்று எரிந்து விழுந்தார்.

“மூணு ஜோடி, மூணு கடை. எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு உங்க இடது காலுக்கு மட்டும் தளர்வா தைக்கிறாங்களாக்கும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளே தெருமுனை வரை போய்ச் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேறு, “என்னம்மா, மாஸ்டர் கழட்டி எறிஞ்சுட்டாரா?” என்று கேலி பேசினார். அன்றைக்கு அது வாய்விட்டுச் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் எல்லையில் பதினோரு குதிரைகள் கொண்ட ஒரு சவாரிப் பள்ளி. அங்கே இருபத்தேழு வருடமாக வேலை. பள்ளிக்குப் புதிதாக வருகிற குதிரை நேராக மாணவர்களிடம் போகாது. ஐந்தாறு மாதம் மாஸ்டரின் கையில் இருக்கும். சொன்னால் கேட்கிற குதிரையாக அவர் அதை ஆக்கித் தந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். அவர் கையில் தேறிய குதிரை மேல் எட்டு வயதுப் பிள்ளையைக்கூட பயமில்லாமல் ஏற்றி விடுவார்கள். அந்தப் பெயரை அவர் சும்மா வாங்கவில்லை, உடம்பைக் கொடுத்து வாங்கியிருந்தார்.

குதிரை கேட்பது காதால் மட்டும் இல்லை, விலாவாலும்தான். ஏறி உட்கார்ந்தவரின் கெண்டைக்கால் அதன் விலாவில் ஒட்டியபடி இருக்கும். அந்தக் கால் மெல்ல அழுத்தினால் ஒரு பொருள், பின்னால் தள்ளி அழுத்தினால் வேறொரு பொருள். மாணவர்களுக்கு மாஸ்டர் சொல்லித் தருவது ஒன்றே ஒன்றுதான். “முதல்ல ரகசியம் பேசற மாதிரி சொல்லு. கேக்கலையா, வாய்விட்டுச் சொல்லு. அப்பவும் கேக்கலையா, அதட்டு. கேட்டுருச்சா, அந்த நிமிஷமே வாயை மூடிக்கோ.” ரகசியம் என்பது கெண்டைக்காலின் லேசான அழுத்தம். அதட்டல் என்பது குதிமுள், பூட்ஸ் குதிகாலில் மாட்டியிருக்கும் சின்ன இரும்பு. இருபத்தேழு வருடத்தில் அந்த இரும்பை அவர் உபயோகித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதாவது, முதல் இருபத்தைந்து வருடத்தில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குதிரை கட்டையில் இடறி விழுந்தது. மாஸ்டர் தூக்கி எறியப்பட்டு இடுப்பு அடிபட விழுந்தார். ஒரு மாதம் படுக்கை. அப்புறம் எழுந்து நடந்துவிட்டார். நடந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். முதலில் முடிவு கட்டியவர் அவர்தான். மருத்துவர் மறுபடி வரச் சொன்ன தேதிக்குப் போகவில்லை. “சாகக் கிடக்கிறவனைப் பார்க்கவே அவருக்கு நேரம் பத்தல, என் இடுப்பை வேற பார்க்கணுமாக்கும்” என்று தட்டிக் கழித்துவிட்டார். கொஞ்ச நாளில் இடது பூட்ஸ் தொளதொளவென்று ஆனது. தோல் இளகிவிட்டது என்றார். மனைவி தையல்காரி; வெட்டுத் துணியில் ஒரு துண்டு மடித்துக் கொடுத்தாள். அதை உள்ளே திணித்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

விழுந்து எழுந்த பிறகு அவர் கைக்கு வந்த முதல் குதிரை கடுகு. பதிவேட்டில் குதிரைகளுக்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. லாயத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. லாயத்தைக் கூட்டிப் பெருக்கி, குதிரைகளைக் குளிப்பாட்டுகிற வாளியம்மா வைத்ததுதான் புழங்கும். எப்போது பார்த்தாலும் கையில் வாளியோடு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர். சமையல்கட்டுச் சாமானாகப் பார்த்துக் குதிரைகளுக்குப் பெயர் வைத்துவிடுவாள். கடுகு கறுப்பாக, குட்டையாக, துறுதுறுவென்று இருந்தது. ஐந்து மாதம் பாடுபட்டும் அது இடது காலுக்கு அசையவில்லை. மாஸ்டர் பதிவேட்டில் எழுதினார்: ‘இடது பக்கம் உணர்ச்சி இல்லை. மாணவர்களுக்கு ஆகாது.’ கடுகைச் சுமை வண்டி இழுக்கக் கொண்டு போனார்கள்.

அடுத்து தவிடு. பழுப்பு நிறம், சாதுவான முகம். அதுவும் வலது காலுக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, இடது காலுக்கு அசைய மறுத்தது. மாஸ்டர் குதிமுள்ளை எடுத்தார். நாலாவது மாதம் தவிடு உதைக்க ஆரம்பித்தது. ஒருநாள் மேனேஜரின் தோளைக் கவ்விவிட்டது. பதிவேட்டில் அதே வரி. கீழே, ‘குணம் கெட்டுவிட்டது’ என்று இன்னொரு வரி. இப்படி எழுதின குதிரையை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். வேலிக்குப் பின்னால் குழி தோண்டி மூடினார்கள். வாளியம்மா மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.

இப்போது சாம்பல்.

சாம்பல் பெண் குதிரை. ஆறு வயது, பெயருக்கேற்ற நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள். வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. மேனேஜர் லாயத்துக்கு வந்து, நடைபாதையில் நின்றபடியே கெடு வைத்தார். “மூணு வாரம் மாஸ்டர். அதுக்குள்ள இடது பக்கம் சரியாகலைன்னா நீங்க பதிவேட்டுல எழுதிடுங்க. அந்த வெள்ளிக்கிழமை இதை ஏத்திக்கிட்டுப் போக லாரி வரும். சுவரோரமா போகும்போது விலகாத குதிரை மேல யார் பிள்ளையை ஏத்தறது? முட்டி தேஞ்சா அப்பா அம்மா என் கழுத்தைத்தானே பிடிப்பாங்க?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. மாஸ்டரும் தலையாட்டினார். ஆனால் இந்தக் குதிரையை லாரியில் ஏற்ற விடக்கூடாது என்று மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டார். மூன்றாவது குதிரையும் போனால் தன் பெயர் என்ன ஆவது என்ற கவலை ஒரு பக்கம். அதைவிட, காலையில் அவர் வருகிற சத்தம் கேட்டதும் சாம்பல் கதவுக்கு மேலே தலையை நீட்டி மெல்லக் கனைக்கும். இடது பக்கம் புண்ணாகிற வரைக்கும் கனைத்தது.

பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினார். பத்து அடி நட, நில். பத்து அடி நட, நில். மணல் களத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் இதேதான். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். குதிரைக்கோ ஒவ்வொரு முறையும் காது நிமிரும். நான்காவது நாள் அவர் மூச்சை இழுத்துப் பிடித்து முதுகை நிமிர்த்தினாலே சாம்பல் நின்றது. அவ்வளவு நுட்பமான குதிரை. அடுத்தது வட்டம். பெரிய வட்டத்தில் தொடங்கி, சுருங்கிச் சுருங்கி உள்ளே வந்து, மறுபடி விரிந்துகொண்டே வெளியே போகவேண்டும். விரியச் சொல்வது உள்பக்கத்துக் கால். வலப்பக்கமாகச் சுற்றும்போது வலது கால் சொன்னது, அது விரிந்தது. இடப்பக்கமாகச் சுற்றும்போது இடது கால் சொல்லவேண்டும். மாஸ்டர் சொன்னார். சொன்னதாகத்தான் நினைத்தார். சாம்பல் காதை முன்னும் பின்னும் திருப்பியபடி சின்ன வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“கேக்குது. கேட்டுக்கிட்டே கேக்காத மாதிரி நடிக்குது” என்றார் மாஸ்டர், களத்தின் ஓரத்தில் நின்ற வாளியம்மாவிடம்.

“யாருக்காக நடிக்கணும், அதுக்கென்ன சினிமாவா?” என்றாள் அவள்.

ரகசியம் பேசினார், அசையவில்லை. வாய்விட்டுச் சொன்னார், அசையவில்லை. குதிமுள்ளால் ஓங்கிக் குத்தினார். சாம்பல் திடுக்கிட்டு முதுகை இறுக்கி, இடது விலாவைக் கல்லாக்கிக்கொண்டு, அந்த இரும்பின் மேலேயே சாய்ந்தது. தினம் இதே கதை. முதல் வாரத்தில் ரோமம் உதிர்ந்தது. இரண்டாம் வாரத்தில் தோல் உரிந்தது.

வாளியம்மா புண்ணை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துடைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள். “மாஸ்டர், இவளுக்கு இடது பக்கம் நல்லா உணர்ச்சி இருக்கு. குளிப்பாட்டும்போது ஒத்தை விரலை வச்சா போதும், நகர்ந்து நிக்கறா. பாருங்க.” ஒரு விரலை நீட்டினாள். சாம்பல் விரலுக்கு முன்னால் ஓர் அடி விலகியது.

“கீழ நின்னு தொட்டா எல்லாக் குதிரையும்தான் நகரும். மேல உக்காந்தாதான் அதோட வண்டவாளம் தெரியும்.”

“அப்ப வேற யாராச்சும் மேல உக்காந்து பார்த்தா?”

மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பயிற்சியில் இருக்கிற குதிரை மேல் அவரைத் தவிர வேறு யாரும் ஏறக்கூடாது. அது அவர் போட்ட சட்டம், நியாயமான சட்டமும்கூட. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் கற்றுக்கொள்கிற குதிரை குழம்பிப்போகும். பல வருடத்துக்கு முன்னால் இந்தச் சட்டத்தை மீறிய ஒரு லாயக்காரனை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது வாளியம்மாவுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு துணியைப் பிழிந்தாள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை எல்லாம் முடிவுக்கு வந்தது. அன்று மதியம் லாடம் அடிக்கிறவர் வந்திருந்தார். மாஸ்டர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு குதிரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு சாம்பல் மேல் ஏறினார். சுவரிலிருந்து களத்தின் குறுக்கே பக்கவாட்டில் நகரும் பயிற்சி. இடது கால் சொல்ல வேண்டும், குதிரை வலப்பக்கம் காலுக்குக் கால் குறுக்கே வைத்து நகரவேண்டும். கேட்டார். மறுபடி கேட்டார். குத்தினார். சாம்பல் நின்றுவிட்டது. உதைக்கவில்லை, துள்ளவில்லை, நான்கு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கம் சேணத்தின் வழியாக அவர் தொடைவரை வந்தது. அவர் கோபமெல்லாம் வடிந்து, அழுகைதான் வந்தது. இறங்கி, கடிவாளத்தை வாளியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, அலுவலக அறைக்குப் போய்ப் பதிவேட்டில் அந்த வரியை மூன்றாவது தடவையாக எழுதினார். மேனேஜர் வெளியே போயிருந்தார். கையெழுத்து மறுநாள் காலை.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்துவந்து பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள். வலது பூட்ஸ் இறுக்கம், இழுத்துத்தான் எடுக்க வேண்டும். இடது பூட்ஸ் வழக்கம்போல் கையோடு வந்தது. உள்ளேயிருந்து அவள் மடித்துக் கொடுத்த துணி விழுந்தது. அது சிவப்பாக நனைந்திருந்தது.

“என்னங்க இது?”

காலுறையை உரித்தாள். பாதத்தின் நடுவில் லாட ஆணியின் வெட்டிப்போட்ட துண்டு ஒன்று முழுதாக இறங்கியிருந்தது. லாடம் அடித்த இடத்தில் கழற்றி வைத்த பூட்ஸுக்குள் விழுந்திருக்க வேண்டும். அதை மிதித்தபடி ஒரு மணி நேரம் சவாரி செய்து, இரண்டு மைல் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“வலிக்கலையா உங்களுக்கு?”

“ஆணியா? எந்தக் கால்?” என்று எட்டிப் பார்த்தார்.

அவள் ஆணியை எடுத்து, கழுவி, கட்டுப் போட்டாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள்.

“கண்ணை மூடுங்க.”

“எதுக்கு?”

“மூடுங்கன்னா மூடுங்க. தொட்டதும் சொல்லணும்.”

மூடினார். கொஞ்ச நேரம் போனது. “என்ன, தொடப் போறியா இல்லையா? டீ ஆறுது.”

ஊசி முனை அப்போது அவர் பாதத்தின் மேல்புறம் அழுந்தியிருந்தது. அவள் கணுக்காலுக்கு ஏற்றினாள், கெண்டைக்காலின் உள்பக்கத்துக்கு ஏற்றினாள். முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்ததும், “ஆங், இப்பத் தொட்டே” என்றார். கண்ணைத் திறந்தார். தன் காலில் கீழிருந்து மேலாக வரிசையாகச் சிவந்திருந்த புள்ளிகளைப் பார்த்தார். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து வலது கெண்டைக்காலை அளந்தாள், இடதை அளந்தாள். இடது இரண்டு அங்குலம் குறைந்திருந்தது.

“பூட்ஸ் தளர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க. நானும் துணி வெட்டிக் குடுத்தேன்” என்றாள் அவள். “ஊரெல்லாம் அளவெடுக்கிறவ நான். வீட்டுல இருந்த காலை அளந்து பார்க்கலை.”

“நரம்பு கிரம்பு எதாவது பிடிச்சிருக்கும். விழுந்தோமில்ல. சரியாயிடும்.”

அவள் நாடாவைச் சுருட்டினாள். சுருட்டிக்கொண்டே கேட்டாள். “அந்தச் சாம்பலுக்கு எந்தப் பக்கம் கேக்கலைன்னு சொன்னீங்க?”

“இடது.”

“தவிடுக்கு?”

அவர் பார்வை காலில் இருந்த சிவப்புப் புள்ளிகளுக்குப் போனது.

“அதுக்கு முன்னால கறுப்பா ஒண்ணு இருந்துச்சே.”

தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். ‘குதிரைக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்’ என்று சண்டை போட வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. இருபத்தேழு வருடம் குதிரை உடம்பைப் படித்தவருக்கு இதைப் படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. அவர் ரகசியம் பேசினதாக நினைத்தபோது அந்தக் கால் பேசவே இல்லை. வாய்விட்டுச் சொன்னதாக நினைத்தபோதும் பேசவில்லை. குதிரைகளுக்குக் கேட்டது அதட்டல் மட்டும்தான். எதற்கு என்று தெரியாமல், முன்னால் ஒரு வார்த்தை இல்லாமல், திடீர் திடீரென்று விலாவில் இறங்கிய இரும்பு. அந்தக் கால் எவ்வளவு ஓங்கி இறங்கியது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை மேனேஜர் வருவதற்கு முன்னால் லாயத்துக்குப் போனார். மனைவியும் கூடவே வந்தாள். அவரைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை.

“வாளியம்மா, சாம்பல் மேல ஏறு” என்றார்.

அவள் கையிலிருந்த வாளி கீழே போனது. “நானா? வேண்டாம் மாஸ்டர்.”

“நான்தான் சொல்றேனே. சேணம் வேண்டாம். சும்மா ஏறி உக்காந்து இடது காலால கேளு.”

வாளியம்மா ஏறவில்லை. வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்ன ஏதென்று அவருக்குப் புரியவில்லை. மாஸ்டரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

“தவிடு மேல ஏறினேன் மாஸ்டர். உங்களுக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் வரலையே, அன்னைக்கு. தண்ணித் தொட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போக நடக்கச் சோம்பல் பட்டு ஏறிட்டேன். குழாயை ஒட்டிப் போச்சு. முட்டி இடிக்குமேன்னு இடது காலை லேசா வச்சேன். அப்படியே விலகிப் போச்சு மாஸ்டர், தண்ணியில வழுக்கற மாதிரி. அதுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“ஏம்மா சொல்லலை?”

“ஏறினேன்னு சொன்னா வேலை போயிருமே. வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஊசி போட வந்த அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் வாய் வரலை.” மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?”

மாஸ்டர் யோசித்தார். கேட்டிருக்கமாட்டார். குதிரையைக் கெடுத்ததே நீதான் என்று அவளை அன்றைக்கே துரத்திவிட்டிருப்பார். ஊசி அதற்கப்புறமும் போட்டிருப்பார்கள்.

“மாட்டேன்” என்றார். “ஏறும்மா.”

வாளியம்மா வெறுங்காலோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சவாரி அவள் முறையாகக் கற்றதில்லை. உடம்பு ஒரு பக்கம் கோணி, கை ஒரு பக்கம் பிடரியைப் பிடித்திருந்தது. களத்தின் சுவரோரமாக நான்கு அடி போனதும் புண்ணுக்கு முன்னால், தோல் நன்றாக இருந்த இடத்தில், இடது கெண்டைக்காலை ஒட்டினாள். அழுத்தக்கூட இல்லை. சாம்பலின் ஒரு காது பின்னால் திரும்பியது. பிறகு அது காலைக் குறுக்கே எடுத்து வைத்து, வலப்பக்கமாக, சுவரை விட்டு, களத்தின் நடுவரைக்கும் அலுங்காமல் நகர்ந்து போயிற்று. நான்கு மாதமாக மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அவர் சொல்லிக் கொடுத்த எல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது, ஓர் எழுத்து விடாமல்.

“நல்லா போகுதா மாஸ்டர்?” என்று வாளியம்மா தூரத்திலிருந்து கத்தினாள்.

“போகுது” என்றார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் வந்ததும் மாஸ்டரும் மனைவியும் வாளியம்மாவும் அலுவலக அறைக்குப் போனார்கள். மாஸ்டர் பதிவேட்டை எடுத்து, சாம்பலின் பக்கத்தில் நேற்று எழுதிய வரியை அடித்தார். அதற்குக் கீழே எழுதினார்: ‘குதிரையிடம் குறை எதுவும் இல்லை. மிகவும் நுட்பமான குதிரை. சவாரி செய்தவரின் இடது காலில் உணர்ச்சி இல்லை. இனி இவர் எந்தக் குதிரையையும் பயிற்றுவிக்கக் கூடாது.’ கீழே தன் கையெழுத்தைப் போட்டார். மேனேஜர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை லாரியை வேண்டாமென்று சொல்ல போனை எடுத்தார்.

மாஸ்டர் பதிவேட்டை மூடவில்லை. பக்கங்களைப் பின்னால் திருப்பினார்.

“அதெல்லாம் எதுக்கு மாஸ்டர் இப்ப கிளறிக்கிட்டு? முடிஞ்சுபோன விஷயம்” என்றார் மேனேஜர்.

“கடுகு இப்ப எங்கே இருக்கு சார்?”

“சுமை வண்டிக்காரன் ஒரு வருஷம் வச்சிருந்தான். காலு போச்சுன்னு யாருக்கோ தள்ளிவிட்டுட்டான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

மாஸ்டர் தவிட்டின் பக்கத்திலும் அதே வார்த்தைகளை எழுதினார். ‘குணம் கெட்டுவிட்டது’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘குணம் நல்ல குணம்’ என்று எழுதினார். கடுகின் பக்கத்திலும் எழுதினார். எழுதி என்ன ஆகப் போகிறது என்று அவருக்கும் தெரியும். செத்துப்போன குதிரைக்கும் காணாமல்போன குதிரைக்கும் பதிவேட்டில் நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பதைத் தவிர, அவரிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை.

பிறகு மருத்துவரிடம் போனார்கள். இடுப்பு எலும்புக்கிடையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அப்போதே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அவர் சொன்னார். ‘அப்போதே’ என்ற சொல்லை அவர் மூன்று தடவை சொன்னதாக மனைவி எண்ணிவைத்திருந்தாள். செருப்புக்குப் பின்வார் வைத்துத் தைத்து வாங்கினார்கள். சாம்பல் புண் ஆறி, பளபளவென்று ஆகி, மாணவர்களைச் சுமக்க ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகள் அதன் மேல் ஏறத்தான் போட்டி போட்டார்கள்.

மாஸ்டர் தரையில் நின்று பாடம் சொல்வதோடு சரி. வாளியம்மாவை முறையாக ஏறப் பழக்குங்கள் என்று மேனேஜரிடம் அவர்தான் சொல்லி, அதுவும் நடந்தது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் மதியம் லாயத்தில் யாரும் இல்லை. மாஸ்டர் சாம்பலின் கொட்டடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். கையில் கடிவாளம் இல்லை, காலில் பூட்ஸ் இல்லை. அது தலையை எடுத்து அவரைப் பார்த்தது, கனைக்கவில்லை. இடது விலாவில் புண் இருந்த இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைத்திருந்தது, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. இனி அந்த இடம் எப்போதும் வெள்ளையாகத்தான் முளைக்கும். அதன் மேல் கையை வைத்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். என்ன வார்த்தை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

கையை மெதுவாக நீட்டினார். விரல் விலாவைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது. சாம்பல் ஓர் அடி விலகியது. அவர் நின்றார். மறுபடி நீட்டினார். அது இன்னும் ஓர் அடி விலகி, காலுக்குக் கால் குறுக்கே வைத்து, அவர் சொல்லிக்கொடுத்தபடியே தப்பில்லாமல் நகர்ந்து, எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் கையை இறக்கினார். குதிரை கேட்டுவிட்டால் அந்த நிமிஷமே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது அவர் சொல்லித் தந்த பாடம். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.